நீளக் கயாக்கில் பின்பக்கமாக வந்தேன்

எதை வாங்கப் போனாலும் இருப்பதிலேயே பெரியதன் மேல்தான் என் கை போய் விழும். வீட்டு வாசலுக்குள் நுழையாத குளிர்சாதனப் பெட்டியை வாங்கிவந்து, கதவைக் கழற்றி உள்ளே கொண்டுபோன ஆள் நான். (வாசல் நிலையில் அதன் கீறல் இன்னும் இருக்கிறது.) கயாக் என்கிற ஒல்லித் துடுப்புப் படகு வாங்கப் போனபோதும் இதே கைதான் கூட வந்தது.

எங்களுக்குக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு. சில வருடங்களுக்கு முன்பு, தோப்பை ஒட்டிய பெரிய ஏரியை மீன் வளர்க்கக் குத்தகைக்கு எடுத்தோம். நடு ஏரிக்குப் போய் இரை போடவும், மீன் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று தூண்டில் போட்டுப் பார்க்கவும் ஒரு பரிசல் இருந்தது. மலை இடைவெளி வழியாக வரும் கணவாய்க் காற்று கிளம்பிவிட்டால் அது தட்டாமாலை சுற்றும். கரையேறிய பிறகும் தென்னைமரங்கள் என்னைச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

சூரியநெல்லியில் சுற்றுலா விடுதி நடத்தும் முருகேசன் இரண்டு மீன்பிடிக் கயாக்குகளை விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்டு, நானும் மனைவி சுமதியும் போனோம். விடுதிக்குக் கீழே, தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே அணைத் தண்ணீர். கரையில் இரண்டும் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்று ஒன்பதடி. மற்றது பதின்மூன்றடி.

"சின்னது லேசுண்ணே. நின்ன எடத்துலயே திரும்பும். காத்தடிச்சா மட்டும் அங்கிட்டும் இங்கிட்டும் அலையும். பெருசு நூல் பிடிச்ச மாதிரி நேரா போகும். ஆனா திருப்புறதுக்கு எடம் வேணும். ரெண்டையும் ஓட்டிப் பாத்துட்டு எடுத்துக்கங்க" என்றார் முருகேசன்.

"ஓட்டிப் பாக்கறதுக்கு என்னங்க இருக்குது? பெருசே இருக்கட்டும்."

"ஏனுங்க, எதுக்குப் பெருசுன்னு ஒரு காரணம் சொல்லுங்க பாக்கலாம்" என்றாள் சுமதி.

"பாக்கறதுக்கே ஒரு கம்பீரமா இருக்குதில்ல?"

"ஆமா, அதப் பாத்து மீனு எந்திரிச்சு நின்னு கும்புடும்."

இருவரும் மிதவை அங்கி மாட்டிக்கொண்டு இறங்கினோம். சின்னதில் ஏறிய சுமதி, துடுப்பை ஒரு பக்கம் போட்டால் மறுபக்கம் திரும்பி, கரையோரமாகவே வட்டமடித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துச் சிரித்தபடி நான் பெரியதில் கிளம்பினேன். அம்பு போலப் போயிற்று. இந்தப் படகும் நானும் ஒருவருக்காக ஒருவர் பிறந்தவர்கள் என்று அந்த நேரத்தில் மனப்பூர்வமாக நம்பினேன்.

படகிலிருந்த தூண்டிலை வீசியதும் ஒரு மீன் மாட்டியது. நல்ல கனம். அது இழுத்த பக்கமே நானும் போனேன். தண்ணீர் இரு மேடுகளுக்கு இடையே ஓடை போலக் குறுகி உள்ளே போகும் இடம் அது. நேராகப் போவதில் எனக்கு என்ன குறை? உள்ளே போய்விட்டேன். மீன் அறுத்துக்கொண்டு போன பிறகுதான் திரும்ப நினைத்தேன். பாதி திரும்பியதும் படகின் மூக்கு ஒரு கரைப் புல்லில் செருகியது. வால் மறுகரையில் இருந்த பட்ட மரக்கட்டையில் சிக்கியது. தண்ணீருக்குக் குறுக்கே பாலம் போட்ட மாதிரி நின்றேன். முன்னால் தள்ளினால் மூக்கு புதைந்தது. பின்னால் தள்ளினால் வால் இறுகியது.

அப்போது மேட்டின் மேல் புல் அசைந்தது. யானை. அதன் காலடியில் ஒரு குட்டி. தண்ணீர் குடிக்க வந்திருந்தார்கள். அவர்களுடைய இடத்தில் குறுக்கே மஞ்சள் நிறத்தில் ஒரு பொருள், அதன் மேல் நான்.

அந்த நேரத்தில் தெய்வமும் குழந்தைகளும் ஞாபகம் வருமென்பார்கள். எனக்கு வந்தது ஒரே எண்ணம்தான்: நாலடி குறைவாக இருந்திருக்கக் கூடாதா?

அங்கியில் தொங்கிய ஊதலை வாயில் வைத்தேன். தூரத்துக் கரையில் முருகேசன் இரண்டு கையையும் ஆட்டி, வேண்டாம் வேண்டாம் என்று சைகை காட்டினார். எடுத்துவிட்டேன்.

பின்னால் மெல்லத் தண்ணீர் சலசலத்தது. சுமதி. வட்டமடித்து வட்டமடித்தே அந்தப் படகைப் பழகிவிட்டிருந்தாள் போலிருக்கிறது. சத்தமில்லாமல் உள்ளே வந்தாள். "அசையாதீங்க. வாயத் தொறக்காதீங்க" என்று கிசுகிசுத்தாள். துடுப்பால் மரக்கட்டையிலிருந்து என் வாலை நெம்பி விடுவித்தாள். தன் படகிலிருந்த கயிற்றை என் படகின் பின்பிடியில் கட்டினாள். இருந்த இடத்திலேயே தன் படகைத் திருப்பிக்கொண்டு இழுக்கத் தொடங்கினாள்.

நான் பின்பக்கமாகப் போனேன், யானையைப் பார்த்தபடியே. அதுவும் என்னைப் பார்த்தபடியே நின்றது. என்ன செய்வதென்று தெரியாமல் கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிட்ட கையை இறக்கவும் பயம். கரை சேரும்வரை அப்படியேதான் வந்தேன்.

"பேடிக்க வேண்டாம்ணே, பயமே வேண்டாம், கரைக்கு வந்துட்டீக" என்று முருகேசன் கைகொடுத்தார். மறுகையில் அவருடைய கைபேசி. நான் இழுபட்டு வந்ததெல்லாம் அதில் பதிவாகியிருந்தது.

சுமதி புல்லில் உட்கார்ந்து கயிற்றைச் சுருட்டினாள். சுருட்டவே முடியவில்லை. மூன்று முறை முதலிலிருந்து தொடங்கினாள், மூன்று முறையும் அவிழ்ந்து விழுந்தது. அதுவரை எனக்கு மட்டும்தான் பயம் என்று நினைத்திருந்தேன். இவ்வளவு பயத்தை உள்ளே வைத்துக்கொண்டுதான் எனக்காக அந்த ஓடைக்குள் நுழைந்திருக்கிறாள். கயிற்றின் மறுமுனையை எடுத்து நானும் சுருட்டினேன்.

"சின்னதையே எடுத்துக்கலாம் புள்ள" என்றேன் கடைசியில்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "பெருசத்தான் எடுக்கோணும்."

"இத்தனைக்கு அப்பறமுமா?"

"சின்னதுல நானுந்தான சுத்துனேன்? இந்தச் சிலுசிலுப்புக் காத்துக்கே அந்தப் பாடு. நம்மூருக் காத்துக்கு அதுவும் பரிசலாட்டத்தான் சுத்துமுங்க. நம்ம ஏரில சந்துமில்ல, யானையுமில்ல. காத்துதான் இருக்குது."

காரணம் கேட்டபோது எனக்குக் கிடைத்தது கம்பீரம். அவள் இரண்டையும் எடைபோட்டுப் பார்த்து, நான் சொன்ன அதே படகுக்கு வந்து சேர்ந்திருந்தாள். என் பேச்சு ஜெயித்தும் தோற்றுப்போனவனாக உட்கார்ந்திருந்தேன்.

பெரியது வந்தது. எந்தக் காற்றிலும் நேராகப் போகிறது. பெரும்பாலும் சுமதிதான் ஓட்டுகிறாள்; நான் கரையில் இரை மூட்டையைப் பிரித்துக் கொடுக்கிறேன். முருகேசன் அனுப்பிய காணொளி எங்கள் குடும்பக் குழுவுக்கு வந்து, அங்கிருந்து எங்கெங்கோ போய்விட்டது. எவ்வளவு தூரம் என்பது போன மாதம்தான் தெரிந்தது. பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம். மண்டபத்துப் பின்சந்துக்குள் காரை நுழைத்துவிட்டு, திருப்பவும் முடியாமல் எடுக்கவும் முடியாமல் திணறிக்கொண்டிருந்தேன். முன்பின் பார்த்திராத ஒரு பெரியவர் ஜன்னலருகே குனிந்தார். என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

"ஏனுங் தம்பி, ஊட்ல அம்மிணி வந்திருக்காங்களா? கயிறு வேணும்னா என்ற வண்டில இருக்குதுங்க."