எண்பது ஏக்கரும் ஓட்டிஸும்

ஹார்லன் நைபெர்க் முழங்காலுக்கு மேல் ஆழமான குழிக்குள் நின்றுகொண்டிருந்தபோது விளிம்பில் வைத்திருந்த போன் அடித்தது. இரண்டு கையிலும் சேறு. வேறு வழியில்லாமல் மூக்கு நுனியால் தேய்த்துப் போனை எடுத்தார்.

"எங்க இருக்கீங்க?" என்றாள் ஷெரில். நிலம் விற்றுக் கொடுக்கும் தரகுக்காரி.

"நிலத்துலதான்."

"நல்லதாப் போச்சு. பல் டாக்டரும் அவர் பெண்டாட்டியும் மத்தியானம் வர்றாங்க. வெள்ளிக்கிழமை கையெழுத்துக்கு முன்னாடி கடைசியா ஒரு சுத்து பார்க்கணுமாம். இடத்தைப் பார்க்கிற மாதிரி வைங்க."

ஹார்லன் திரும்பிப் பார்த்தார். பெரிய பைன் மரத்தைச் சுற்றி, ஏற்கெனவே தோண்டிய குழிகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. "பார்க்கிற மாதிரிதான் இருக்கு" என்றார்.

"விளம்பரத்துல 'அமைதியான சூழல்'னு போட்டிருக்கேன். உங்க பக்கத்து நிலத்துல ஏதோ நாய் ஓயாம குரைக்கும்னு யாரோ சொன்னாங்களே?"

"அந்தச் சனியன் செத்து ரெண்டு வருஷமாச்சு. ஷெரீப் ஆபீசுக்கு எத்தனை போன் போட்டிருப்பேன், ஒருத்தனும் அசையல. கடைசில தானே போய்ச் சேர்ந்துது. சத்தம் நின்ன அன்னிக்கு ஒரு பீர் உடைச்சுக் குடிச்சேன். இப்ப சுடுகாடு மாதிரி அமைதியா இருக்குன்னு சொல்லு."

"அப்படியெல்லாம் சொல்லி எண்பது ஏக்கர் விக்க முடியாது" என்று சொல்லி ஷெரில் வைத்துவிட்டாள்.

மான், காட்டுக்கோழி, வான்கோழி வேட்டைக்கு உகந்த எண்பது ஏக்கர். ஓடை, மரக்குடில், மரத்தின் மேல் மூன்று பரண்கள். இப்படித்தான் விளம்பரம் சொன்னது. முழங்கால் இரண்டும் போன கதையை அது சொல்லவில்லை. பரணில் ஏறினால் ஹார்லனை இறக்க ஆள் வேண்டியிருந்தது. மனைவி லோயிஸ் போன குளிர்காலத்தில் வாசல் பனியை வாரிக்கொண்டிருந்தவள், வாரியை அப்படியே பனியில் குத்திவைத்துவிட்டு அரிசோனாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். "நிலத்தை வித்துட்டு வா. இல்லேன்னா என் தையல் மெஷினை மட்டும் அனுப்பி வை" என்று ஒரே பேச்சு. மனுஷன் என்ன செய்வார்? விற்கிறேன் என்று ஒத்துக்கொண்டார்.

வாங்குகிற பிரெண்ட் சிகாகோ பக்கத்துப் பல் டாக்டர். வாத்து வேட்டைக்குக் குளம் வெட்டப் போகிறாராம். எண்பது ஏக்கரில் அவருக்கு வேறு இடமே கிடைக்கவில்லை. பெரிய பைன் மரத்தடியில்தான் வெட்ட வேண்டுமாம். கையெழுத்தான மறுநாளே மண் தோண்டும் இயந்திரம் வந்து இறங்குகிறது.

அந்த மரத்தடியில்தான் ஓட்டிஸ் கிடந்தான்.

ஓட்டிஸ் ஹார்லனின் வேட்டை நாய். புதருக்குள் காட்டுக்கோழி இருந்தால் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்பான். சத்தமே போட மாட்டான். தபால்காரர் வந்தாலும் சரி, கரடி வந்தாலும் சரி, ஆயுளில் ஒரு தடவை குரைத்தவனில்லை. ஒன்பது வருடம் முன்னால், இதே நவம்பர் ஈரத்தில், மரம் ஏற்றிப் போன லாரி அவனை அடித்துப் போட்டது. பின்னங்கால் நைந்து தொங்கியது. ஹார்லன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அவனிடம் போனார், திரும்பி வந்தார். மறுபடி போனார், மறுபடி வந்தார். அந்தச் சமயம் பார்த்து வந்து சேர்ந்தான் பக்கத்து நிலத்து ரெய்னோ கோஸ்கி, உயிர்ச் சிநேகிதன். "நீ முடிச்சிடுடா, என்னால ஆகல" என்று துப்பாக்கியை அவன் கையில் திணித்துவிட்டு ஹார்லன் குடிலுக்குள் ஓடினார். வெடிச் சத்தம் காதில் விழக் கூடாதென்று டிவியை அலற விட்டார். வெகுநேரம் கழித்து ரெய்னோ சேறு படிந்த மண்வெட்டியோடு வந்து, முகத்தைப் பார்க்காமல், "பைன் மரத்தடியில வச்சிட்டேன்" என்றான். மறுநாள் அங்கே புது மண் தெரிந்த இடத்தில் ஹார்லன் ஒரு தட்டைக் கல்லை வைத்தார்.

அதோடு சிநேகம் முறிந்தது. சுடச் சொன்னது யார்? இவர்தான். ஆனாலும், "சொன்னா உடனே சுட்டுடறதா? எப்படி மனசு வந்துது அவனுக்கு?" என்று லோயிஸிடம் பொருமினார். "இது எந்த ஊர் நியாயம்?" என்று அவள் கேட்டாள். சில வாரம் கழித்து ரெய்னோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றான். "ஹார்லன், ஒரு விஷயம் சொல்லணும்" என்றான். "கொன்ன வாயால ஒண்ணும் சொல்ல வேணாம்" என்று முகத்தில் அடித்தாற்போலக் கதவைச் சாத்தினார் இவர். அப்புறம் அந்தப் பக்கம் தலையைத் திருப்பியதில்லை. போன மார்ச்சில் ரெய்னோ இறந்தபோது சர்ச் வாசல்வரை வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். இன்ஜினை நிறுத்தாமல், இறங்காமல், உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிட்டார்.

இப்போது ஓட்டிஸின் எலும்பையாவது கையோடு அரிசோனாவுக்குக் கொண்டுபோக வேண்டும். வாத்துக் குளத்தடியில் அவனை விட்டுவிட்டுப் போக ஹார்லனுக்கு மனமில்லை. போர்த்தி எடுத்துப் போக லோயிஸின் பூப்போட்ட போர்வையைக்கூடக் கொண்டுவந்திருந்தார்.

கல்லுக்கு அடியில் தோண்டினார். ஒன்றும் இல்லை. சரி, இந்த ஊர் உறைபனி பாறாங்கல்லையே தூக்கி நகர்த்தும், தட்டைக் கல் எந்த மூலைக்கு? கொஞ்சம் தள்ளித் தோண்டினார். வேர். அதற்கும் தள்ளித் தோண்டினார். களிமண். ரெய்னோவைக் கேட்கலாம் என்றால், அவனையே புதைத்தாகிவிட்டது.

மத்தியானம் என்றவர்கள் முன்னதாகவே வந்துவிட்டார்கள். பளபளவென்று ஒரு வண்டி. புதுப் பூட்ஸ் போட்ட பிரெண்ட், தொட்டால் அழுக்காகிவிடுமோ என்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்ட அவர் மனைவி கிறிஸ்டன், பின்னால் ஷெரில்.

"என்ன சார் இது, குழியா வெட்டி வச்சிருக்கீங்க?" என்றார் பிரெண்ட்.

செத்த நாயைத் தேடுகிறேன் என்று சொல்லலாம்தான். ஆனால் ஊர் மதுக்கடையில் ஒன்பது வருடமாக "நாய்தானே, முடிச்சாச்சு, நிம்மதியாத் தூங்கினேன்" என்று மார்தட்டிய வாய் அது. நேற்று வந்த பல் டாக்டர் முன்னால் அழுதுவிட்டால்?

"தண்ணிக் குழாய்" என்றார் ஹார்லன். "கசிவு இருக்கான்னு பார்க்கறேன்."

"குழாய் கசியுதா?" பிரெண்டின் முகம் விழுந்தது. "ஷெரில், இதை ஏன் நீங்க சொல்லல?"

ஷெரில் பல்லைக் கடித்தாள். "இங்க குழாயே கிடையாதே, ஹார்லன்!"

"குழாய் இல்லேன்னுதான் இப்பத் தெரிஞ்சுபோச்சே. இது ஆப்பிள் கன்று வைக்க. ஆப்பிள்னா மான் ஓடி வரும். உங்களுக்காகத்தான் டாக்டர்."

"நான்தான் இங்க குளம் வெட்டப் போறேனே?"

"குளத்தோரமா வச்சா மான் தண்ணியும் குடிக்கும்ல."

கிறிஸ்டன் இதற்குள் குழிகளைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டாள். "ஆப்பிள் கன்றுக்கு இவ்வளவு நீளமாவா வெட்டுவாங்க?" என்றாள் மெதுவாக. "ஒரு ஆளே படுக்கலாம் போலிருக்கு." அப்புறம் அவள் கண் போர்வைமேல் போயிற்று. "இது யாரோடது?"

"என் வீட்டுக்காரியோடது."

"அவங்க எங்க? அன்னிக்கும் காணோம், இன்னிக்கும் காணோம்."

ஹார்லன் போர்வையைப் பார்த்தார். "அவ போயிட்டாம்மா. இந்தப் பனியே வேணாம்னு போயிட்டா. இனி இங்க வரமாட்டா." கையிலிருந்த மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, புறங்கையால் கண்ணைத் துடைத்தார். கன்னத்தில் சேறு அப்பிக்கொண்டது.

கிறிஸ்டன் பிரெண்டின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வண்டில ஏறு."

"ஏன், இன்னும் பரணெல்லாம் பார்க்கலையே?"

"ஏறுன்னா ஏறு!"

வண்டி பின்பக்கமாகவே பாதித் தூரம் போய், ஓடைக்குள் இறங்கப் பார்த்து, தப்பித்துச் சாலையேறியது. ஷெரில் தன் வண்டிக்கு ஓடிக்கொண்டே, "அவங்க என்ன நினைக்கிறாங்கன்னு புரியுதா உங்களுக்கு?" என்று கத்தினாள். ஹார்லனுக்குப் புரியவில்லை. விலை குறைக்கக் கேட்பார்கள் என்று நினைத்தார். முடிந்தவரை குழிகளை மூடிவைப்போம் என்று இரண்டை மூடித் தட்டியும் விட்டார். மூடியபின் அவை முன்னைவிட மோசமாகத்தான் தெரிந்தன.

பொழுது சாயும் நேரத்தில் ஷெரீப் ஆபீஸ் ஜீப் வந்து நின்றது. இறங்கியவள் மார்னி கோஸ்கி, ரெய்னோவின் மகள். சின்ன வயதில் "மாமா, மாமா" என்று ஹார்லனின் வண்டியில் தொத்திக்கொண்டு திரிந்தவள். இப்போது இடுப்பில் துப்பாக்கி.

"மிஸ்டர் நைபெர்க், மண்வெட்டியைக் கீழ போடுங்க."

போட்டார்.

"மூடியிருக்கிற ரெண்டு குழில என்ன இருக்கு?"

"மண்ணு."

"உங்க மனைவி எங்க?"

"அரிசோனாவுல."

"போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் லோயிஸின் பதிவுக் குரல் காட்டுக்குள் கணீரென்று கேட்டது: "நான் இப்ப பேச முடியாத இடத்துல இருக்கேன்."

மார்னி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீச்சல் குளத்துல இருப்பா" என்றார் ஹார்லன்.

"இந்த வயசுலயா?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

நல்லவேளை, அடுத்த நிமிஷமே போன் திரும்ப அடித்தது. பின்னால் தண்ணீர்ச் சத்தமும் பொம்பளைகள் சிரிப்பும். "என்ன? கையெழுத்துப் போட்டாச்சா?" என்றாள் லோயிஸ்.

"இன்னும் இல்ல. உயிரோட இருக்கியான்னு கேக்க…"

"போட்டுட்டுக் கூப்பிடு." வைத்துவிட்டாள்.

மார்னி பெருமூச்சு விட்டாள். "அந்தம்மா உயிரோடதான் இருக்காங்க."

"ரொம்ப நல்லாவே இருக்கா."

"வாங்கறவங்க வேணாம்னுட்டாங்க, தெரியுமா? ஊருக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடியே ஷெரிலுக்குப் போன் பண்ணிட்டாங்களாம். எதுக்கு இப்படித் தோண்டிப் போட்டிருக்கீங்க? உண்மையைச் சொல்லுங்க."

காற்று ஓடைப் பக்கமிருந்து ஈரத்தை வாரிக்கொண்டு வந்தது. ஹார்லன் குழியின் விளிம்பில் உட்கார்ந்தார். நிலமும் போகவில்லை, லோயிஸும் வரப்போவதில்லை, எலும்பும் கிடைக்கவில்லை. இனி யாரிடம் வீறாப்பு?

"ஓட்டிஸைத் தேடறேம்மா" என்றார். குரல் உடைந்தது. "உங்கப்பன் இங்கதான் வச்சேன்னு சொன்னான். நாள் பூரா தோண்டிட்டேன், ஒரு எலும்புத் துண்டு கிடைக்கல. அவனை விட்டுட்டு நான் எப்படிப் போறது? அவன் பாட்டுக்கு என் கால்மாட்டுல கிடந்தவன். ஒரு நாள் குரைச்சு எவனுக்கும் தொந்தரவு குடுத்தவனில்ல. அவனைச் சாகடிக்க ஆள் வச்சேன் பாரு நான். நானெல்லாம் ஒரு மனுஷனா?"

 மார்னி தொப்பியைக் கழற்றினாள். கீழே கிடந்த போர்வையை எடுத்து உதறி, மடித்து, அவர் மடியில் வைத்தாள்.

"இங்க கிடைக்க மாட்டான், மாமா."

எத்தனையோ வருடத்துக்கு அப்புறம் அந்த 'மாமா'. ஹார்லன் நிமிர்ந்து பார்த்தார். "உனக்குத் தெரியுமா? அந்த இடம் எங்கன்னு உங்கப்பன் சொன்னானா? எங்க, சொல்லும்மா? ஓடைப் பக்கமா?"

"அப்பா உங்ககிட்ட சொல்ல வந்தாரு. நீங்க கதவைச் சாத்திட்டீங்க. அப்புறம் அவருக்கும் ரோஷம் வந்துடுச்சு. தான் இருக்கிறவரைக்கும் யாரும் சொல்லக் கூடாதுன்னு எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாரு."

"எதைச் சொல்லக் கூடாதுன்னு?"

மார்னி அவர் பக்கத்தில், சேற்றிலேயே உட்கார்ந்தாள்.

"அவராலயும் சுட முடியல, மாமா. நைஞ்ச காலை எடுக்க வச்சு, ஓட்டிஸை மூணு காலோட எங்க கொட்டகைக்குப் பின்னாலதான் கட்டிப் போட்டிருந்தாரு. தினம் விடிஞ்சதும் ஒரு நாய் உங்க குடிலைப் பார்த்துக் குரைச்சுக்கிட்டே இருக்கும்னு எங்க ஆபீசுக்குப் போன் போட்டு ஏசுவீங்களே, அவன்தான்."