நேரலை வாசித்த பெயர்கள்

பெரிய காஞ்சிபுரத்தில் உயிரோடு இருப்பவர்களைவிடச் செத்தவர்களுக்குத்தான் ‘நேரலை’ அதிகம் உழைத்தார். லோக்கல் கேபிள் சேனலில் அவர் நிருபர், நான் கேமராமேன். நேற்று எடுத்த தேரோட்டத்தையும் "நேரலையில்..." என்றே ஆரம்பிப்பார். அதனால் அந்தப் பெயர்.

வீட்டிலும் அதே குரல்தான். "இட்லி சற்றுமுன் வந்து சேர்ந்தது. சட்னி குறித்து இதுவரை தகவல் இல்லை" என்பார். அவர் மனைவி கரண்டியோடு விளக்கம் கொடுக்க வருவார்.

தாமலிலிருந்து பெண்களை வேலைக்கு ஏற்றிப்போன கம்பெனி வேன் லாரியில் மோதியது. ஆஸ்பத்திரி வாசலில் நாங்கள் நின்றபோது சேனல் முதலாளி போன் செய்தார்.

"நாலு பேர் பலின்னு சொல்லிட்டு வந்துடுபா. மத்தது வாணாம். அந்தக் கம்பெனி நமக்கு விளம்பரம் குடுத்துக்கினு இருக்குது."

"சரிங்க" என்றவர், அன்று நிஜமாகவே நேரலையில் நான்கு பெயர்களையும் சொன்னார். "செல்வி. தங்கைக்கு நர்சிங் சீட் கிடைத்ததை வேன் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனவர்" என்றார். டிரைவரைத் தூங்கவிடாமல் அடுத்தடுத்த ஷிப்டுக்கு அனுப்பியது யார் என்றும் சொன்னார். மறுநாள் அவர் வேலை போயிற்று.

தபாலில் படித்து, தனியார் பள்ளியில் வரலாற்று வாத்தியார் ஆனார். பல்லவர்களை அவசரமாக முடித்துவிட்டு, ஊர்ச் சாயப்பட்டறைகளில் வேலை பார்த்துச் செத்தவர்களையும் வேனில் செத்தவர்களையும் பாடமாக நடத்தினார்.

"சார், இது பரீட்சைல வருமா?"

"வராது. அதான் இப்பவே சொல்லிக்கினு இருக்கேன்."

பெற்றோர் சண்டைக்கு வந்தார்கள். "நீ நடத்துற பாடத்தக் கேட்டுட்டு புள்ளைக்கு சோறு எறங்க மாட்டேங்குது சார்!"

"எனக்கும்தாம்மா" என்றார்.

போன மாதம் அதையெல்லாம் புத்தகமாகப் போட்டார். வெளியீட்டு விழா அன்று நல்ல மழை. போட்டிருந்த நாற்காலிகளில் பாதிகூட நிறையவில்லை. செல்வியின் அம்மா மட்டும் தாமலிலிருந்து பஸ் பிடித்து, நனைந்துபோய் வந்து சேர்ந்தார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுபா. எம் பொண்ணப் பத்தி எழுதினத நீயே படி."

நேரலை எழுந்தார், தொண்டையைச் செருமினார். "செல்வி..." என்றார். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. அந்த அம்மா காத்துக்கொண்டிருந்தார். நான் புத்தகத்தை வாங்கிப் படித்தேன். ழகரம் வராத உன் வாய்க்குக் கேமராதான் லாயக்கு என்று காலமெல்லாம் திட்டிய மனுஷன், அன்று ஒரு பிழையைக்கூடத் திருத்தவில்லை. என் சட்டை நுனியைப் பிடித்தபடி, கடைசி வரி வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றார்.