குசினிக்குள் போக மறுத்த துணி

முல்லைத்தீவுக் கடற்கரை,
ஞாயிறு, பூசை முடிந்த கையோடு.

பேரன்புக்கும் பெருமைக்கும் உரிய மருமகள் நிரோசினி அறிவது,

மீனவரின் காவலர் இராயப்பர் புண்ணியத்தில் நானும், உன் மாமி புனிதமும், மகன் மெல்ரொனும், ஆடுகள் இரண்டும், ஓடாத எஞ்சின் ஒன்றும் இங்கே பரம சுகம். வவுனியாவில் நீயும் அவ்வண்ணமே இருப்பாயாக. நிற்க. இனி நான் எழுதப்போவதை இந்த உலகத்தில் ஒருவரும் நம்பப்போவதில்லை. அது தெரிந்துதான் வலக்கையை நெஞ்சில் வைத்துச் சத்தியம் செய்தபடி இடக்கையால் எழுதுகிறேன். எழுத்துக் கோணலாயிருந்தால் சத்தியத்தின் பாரம் என்று எடுத்துக்கொள்.

நீ வந்து எங்கள் கரைப் பெண்களுக்கு யப்பான்காரரின் சஷிகோ தையலைக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போனாயே, அன்றிலிருந்து இந்த ஊர் ஊராயில்லை. இரண்டு மடிப்பு வெள்ளைப் பருத்தித் துணி, தடித்த நூல், அரிசிமணி அளவில் ஓட்டுத் தையல், அடுப்படியில் கழுவிக் கழுவிப் பாவிக்கிற குசினித் துணி, அவ்வளவுதானே என்று நானும் அசட்டையாய் இருந்துவிட்டேன். மாமி அலை அலையாய்த் தைத்த முதல் துணியைக் கொடியில் விரித்த அன்று, கடல்தான் இடம் மாறிவிட்டதென்று எண்ணி சூடைமீன் கூட்டமொன்று முற்றம் வரை வந்துவிட்டது. வலை தேவைப்படவில்லை, உரப்பையோடு போய் அள்ளினேன். ஆனால் நூலின் நுனியில் முடிச்சுப் போடக்கூடாது, வந்த வழியே திருப்பி ஓட்டித்தான் முடிக்கவேண்டும் என்றாயே, அது மட்டும் எனக்கு இன்னும் செமிக்கவில்லை. காலமெல்லாம் கிழிந்த வலை பொத்துகிறவனிடம் வந்து முடிச்சு வேண்டாம் என்பது, சுவாமியாரிடம் போய்ச் செபம் வேண்டாம் என்பது போல.

போன மாதம் நீ ரெலிபோனில் சொன்னது நினைவிருக்கும். "மாமா, விமலேஸ்வரி அக்கா தன்ர கடைக்கு எல்லாத் துணியையும் எடுப்பாவாம். ஆனா தைச்ச உடன எதுவும் வடிவாத்தான் இருக்கும், குசினியில அடிபட்டுத் தோய்ச்சுக் காய்ஞ்ச ஒண்டைக் காட்டினாத்தான் எடுப்பன் எண்டு நிக்கிறா. ஒரேயொரு ஊத்தைத் துணி அனுப்புங்கோ மாமா!" ஆக, கண் நோகத் தைத்துக் குவித்த இத்தனை பெண்களின் உழைப்பும் ஒரேயோர் ஊத்தைத் துணியில் தொங்கியது. ஊத்தையாக்கும் கலையில் எனக்கு நிகர் இந்தக் கரையில் இல்லை என்பதால் பொறுப்பை மகிழ்ச்சியோடு ஏற்றேன்.

ஏற்ற பிறகுதான் தெரிந்தது, துணி குசினிக்குள் போனால்தானே! "குசினிக்கோ? உங்களுக்கென்ன விசரே?" என்று கேட்டுவிட்டு மாமி ஒன்றைக் கண்ணாடி அலுமாரிக்குள் விரித்தா. அதன்மேல், எங்கள் கலியாணத்துக்கு வந்து இன்றுவரை சோறு காணாத பீங்கான் கோப்பைகள். இன்னொன்று ரீவிக்கு முக்காடு. மற்றது மாதா சுரூபத்துக்குக் கீழே. மாதாவைக் கிளப்பிவிட்டு ஊத்தையாக்க எனக்குத் துணிவு வருமா? ஊரெல்லாம் இதே கூத்துத்தான். உன்னிடம் தையல் பழகிய பிரியந்தினிக்குப் பிள்ளை பிறந்திருக்கிறதென்று பார்க்கப் போகிறவர்களுக்கு அவள் முதலில் துணியைத்தான் விரித்துக் காட்டுகிறாள். பிள்ளை வீரிட்டு அழுதால்தான் அதற்கு முறை வருகிறது.

கடைசியில் இராசதந்திரத்தில் இறங்கினேன். மாமி கணவாய் மீனை மையோடு காய்ச்சிய சட்டி அடுப்பால் இறங்கிய நேரம், கால் தடக்கியது போல ஒரு தட்டுத் தட்டினேன். கறுத்த வெள்ளம் குசினி தாண்டி, விறாந்தை தாண்டி, முற்றத்துக்குப் பாய்ந்தது. ஆடுகள் இரண்டும் கறுத்துப்போய், ஒன்றையொன்று அடையாளம் தெரியாமல் முட்டிக்கொண்டன. நான் ரீவியை நோக்கிப் பாய்ந்தேன்.

"இஞ்சாருங்கோ, அதைத் தொட்டியளெண்டா இண்டைக்கு ஒண்டில் நான், இல்லாட்டி நீங்கள்!"

"துடைக்கத்தானேயப்பா தைச்சனீர்?"

மாமி பூசைக்குக் கட்டிய புதுச் சாறியின் தலைப்பால் நிலத்தைத் துடைக்கத் தொடங்கிவிட்டா! மெல்ரொன் சேட்டைக் கழற்றி மற்றப் பக்கத்தால் துடைக்கிறான்.

"புனிதம், சாறி புதுசெல்லோ?"

"சாறி கடையில வாங்கலாம். இது நான் தைச்சது."

நான் ரீவிப் பக்கம் நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.

இந்தக் கட்டத்தில்தான் வாசலில் வான் ஒன்று வந்து நின்றது. இறங்கியது யார்? சாட்சாத் விமலேஸ்வரி! கரைப் பெண்கள் அத்தனை பேரும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்க, மாமி அவசர அவசரமாய்த் தேத்தண்ணி நீட்ட, கோப்பை சரிந்து மேசையெல்லாம் கொட்டுண்டது. விமலேஸ்வரி ரீவியின் முக்காட்டை ஒரே இழுவையில் இழுத்துத் துடைத்தா. துணி தேத்தண்ணியைக் குடித்தது. தாகம் அடங்காமல் வாளித் தண்ணியைக் குடித்தது, கிணற்றைக் குடித்தது, பிறகு கடல் பக்கம் திரும்பியது. வள்ளங்கள் எல்லாம் மணலில் குந்திவிட்டன! மெல்ரொனும் நானும் ஆளுக்கொரு நுனியில் பிடித்து முறுக்கிப் பிழிந்த பிறகுதான் கடல் திரும்பி வந்தது, கொஞ்சம் தேயிலைச் சாயம் கலந்தபடி. "இனி இந்தக் கரையில தைக்கிற எல்லாம் எனக்குத்தான்!" என்று விமலேஸ்வரி கூவினா. பெண்கள் போட்ட கூச்சல் உனக்கு வவுனியாவில் கேட்டிருக்கவேண்டும்.

உன் ஊசி வளையாமலும், நூல் சிக்காமலும், சமையல் மட்டும் கொஞ்சம் திருந்தவும் இராயப்பரை மன்றாடி முடிக்கிறேன்.

கிழிந்த வலைகளின் வைத்தியனும், கடல் பிழிந்தவனுமாகிய
உன் தாய்மாமன்
லோறன்ஸ்

பி.கு.: விமலேஸ்வரி வரவில்லை. கணவாய்ச் சட்டி கவிழவில்லை. எங்களிடம் ஆடே இல்லை என்பது உனக்குத் தெரியும். ஒரு துணியைக்கூட ஊத்தையாக்க வக்கில்லாமல் போன வெட்கத்தை மறைக்கத்தான் இந்தப் புளுகை எழுதத் தொடங்கினேன். ஆனால் பிள்ளை, தேத்தண்ணி கொட்டுண்டது மட்டும் சத்தியமாய் உண்மை! கணவாய்க் கதை எழுதிக்கொண்டிருக்கையில் என் முழங்கை பட்டுக் கோப்பை சரிந்தது. எதிரில் மாமி இன்னோர் அலைத் துணியின் கடைசி வரியைத் தைத்துக்கொண்டிருந்தா. "ஐயோ, பிள்ளைக்கு எழுதின கடிதம்!" என்று பாய்ந்து, கையிலிருந்ததாலேயே துடைத்துவிட்டா. பிறகுதான் இருவரும் அதைப் பார்த்தோம். எனக்கு அகப்பைக் காம்பால் அடிதான் என்று ஒதுங்கினேன். மாமியோ துணியைப் பிழிந்து, வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"ஒரு தையலும் அசையேல்லை. நல்லாத்தான் உறிஞ்சுது, என்னப்பா?"

"ஓம்."

"தோய்ச்சுக் காயவிடுறன். நாளைக்கு மெல்ரொனிட்டக் குடுத்து விடுங்கோ. கறை கிடக்கட்டும், அவா விமலேஸ்வரி பார்க்கட்டும்."

நம்பமாட்டாய். மேலே கணவாய் என்று எழுதிய இடத்தை மூக்கில் வைத்து மணந்து பார்.