அசதிப் பேயின் எடை

குன்னூர் பஸ்ஸில் ஏறினால் எல்லாரும் ஒன்றைத்தான் கேட்டார்கள்: அசதிச் சாமியைப் பார்க்க எங்கே இறங்கவேண்டும்? மசினகுடியிலிருந்து ரிசார்ட்காரர்கள் ஜீப்பில் வந்தார்கள். ஊட்டி வியாபாரிகள் கடையை அடைத்துவிட்டு வந்தார்கள். திறந்து வைத்திருந்தாலும் வாங்க ஆளில்லை என்பது வேறு விஷயம். தேயிலை விலை படுத்திருந்த நேரம். விலை படுத்தால் மலையில் எல்லாரும் படுத்துவிடுவார்கள், சாமியார் மட்டும் எழுந்து உட்கார்ந்துகொள்வார்.

இந்தச் சாமி உட்கார்ந்த இடம், ஒரு தேயிலை எஸ்டேட்டின் கொழுந்து நிறுக்கும் கொட்டகை. வேலையால் யாருக்கும் அசதி வராது என்பது அவர் கண்டுபிடிப்பு. அசதி ஒரு பேயாம். அந்தப் பேய்க்கு எடை உண்டாம். அசந்தவர் தலைமுதல் கால்வரை கறுப்புக் கம்பளியால் மூடிக்கொண்டு தராசில் உட்கார வேண்டும். பேய்க்குக் கூச்சம் அதிகமாம், ஆகவே பேசக்கூடாது. ஒருமுறை நிறுப்பார்கள். வேப்பிலை அடி, மந்திரம். மறுபடி நிறுத்தால் எடை குறைந்திருக்கும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

எந்தத் தராசு? தினமும் மதியமும் சாயந்திரமும் பெண்கள் சபித்துக்கொண்டே கொழுந்து போடும் அதே தராசு. சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிவு என்று ஒரு பட்டனை அமுக்கினால், பறித்த கொழுந்தில் கொஞ்சம் காணாமல் போய்விடும். கொழுந்தை நிறுத்தால் அது திருட்டுத் தராசு, பேயை நிறுத்தால் சத்தியத் தராசு! நம் மக்களின் பெருந்தன்மையை என்னவென்று சொல்ல!

சாமியை அழைத்து வந்தவர் மேனேஜர் நாச்சிமுத்து. கோயமுத்தூர்க்காரர், படித்தவர். விலை சரிந்ததும் ஆபீஸில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார். பிறகு எஸ்டேட்டைக் காப்பாற்றுகிறேன் என்று சிக்கனத் திட்டம், தர உயர்வுத் திட்டம், புதுச் சந்தைத் திட்டம் என வாராவாரம் ஒன்றைப் பெற்றெடுத்தார். பெற்றதெல்லாம் அவர், வளர்க்க வேண்டியது கிளார்க் மாலதி.

மாலதிக்குப் பேனா பிடித்தால் கை நடுங்கியது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டின் முன்னாலேயே தூங்கினாள். டாக்டர் ஓய்வு எடுக்கச் சொன்னார். லீவு கேட்டபோது மேனேஜர் சிரித்தார்.

"ஏம்மா, மொதல்ல சாமிகிட்ட உக்காரு. பேய் போனதுக்கப்புறமும் லீவு கேட்டீன்னா அது சோம்பேறித்தனம். வேற எடம் பாத்துக்க."

காந்தலில் வாடகை வீடு, படிக்கிற மகள், வேலையில்லாத கணவன். வேலை போனால் அடுப்பு எரியாது. மாலதி அழுதாள். அழுது முடித்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. எஸ்டேட் குழந்தைகள் காப்பகத்து ஆயா ஐவியைத் தேடிப் போனாள்.

"என் மேல உக்காந்திருக்கற பாரம் எதுன்னு எனக்குத் தெரியும் ஐவி. அதையே தராசுல ஏத்துவோம்."

சாமி மதியச் சாப்பாட்டில் இருந்த சமயம், இருவரும் மாலதியின் மேசையிலிருந்த பைல்களையெல்லாம் தராசில் அடுக்கினார்கள். தலைக்கு ஒரு சின்னக் கூடை. மேலே கறுப்புக் கம்பளி. மாலதி ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டாள். சாமி வந்ததும், மாலதி மயங்கி உட்கார்ந்திருக்கிறாள் என்று ஐவி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னாள்.

சாமி பைல்களைச் சுற்றி வந்தார். எப்போது பிடித்தாய் என்று அதட்டினார். பைல்கள் பேசவில்லை. பேய் வாயடைத்துப் போனது என்று கூட்டத்துக்கு விளக்கினார்.

"ஓயாம லீவு கேட்ட பேய்ங்க சாமி," என்றார் மேனேஜர்.

முதல் எடை எடுத்ததும் வேப்பிலை அடி விழுந்தது. பேய் அழுகிறது என்றார் சாமி. மறுபடி நிறுத்தார்கள். எடை குறைந்தது!

"ஓடிப்போச்சு. இனி இந்தப் பொண்ணு நாலாள் வேலையச் சிரிச்சுட்டே செய்யும்," என்றார் சாமி.

"செய்யறதுக்கு நான் அங்க இல்லீங்களே சாமி," என்று வாசலில் வந்து நின்றாள் மாலதி. கம்பளியை இழுத்தாள். கூடை உருண்டது. பைல்கள் சரிந்தன. "இதுல ஒண்ணுகூட நான் இன்னும் முடிக்கலீங்க. எடை மட்டும் எப்படீங்க கொறஞ்சுது?"

சாமிக்கு வியர்த்தது. மலைக் குளிரில் வியர்ப்பதும் அற்புதம்தான். பைலிலும் பேய் குடியிருக்கலாம் என்று முனகினார்.

"பேய் போயிருந்தா வேலையும் போயிருக்கணுமே சாமி," என்றாள் ஐவி.

கொழுந்து பறிக்கும் வீரம்மா நேரே எடை போடுகிற வேலாமணியிடம் போய், அந்தக் கழிவுப் பட்டன்தானே என்று கேட்டாள். அவர் தலை குனிந்து சொன்னார்:

"ரெண்டாந் தடவை நிறுக்கறப்ப அமுக்கச் சொன்னதே மேனேஜருங்க."

சாமி ஜீப்பில் ஏறியதை யாரும் தடுக்கவில்லை. மேனேஜருக்குத்தான் வழி கிடைக்கவில்லை. பெண்கள் கொழுந்து மூட்டைகளைக் கீழே வைத்துவிட்டுத் தராசை மறித்து நின்றார்கள். பறித்த கொழுந்து அன்றே பேக்டரிக்குப் போகாவிட்டால் குப்பை. மாலதிக்கு லீவு, அவள் மேசைக்கு இன்னும் ஆட்கள், அப்புறம்தான் கொழுந்து ஏறும் என்றாள் வீரம்மா. நாச்சிமுத்து கொழுந்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

பேயை ஓட்ட வேப்பிலை தேவைப்படவில்லை. ஒரு பேனா போதுமாக இருந்தது.

வேலையில் அசந்து விழுகிற அன்பர்களே, உங்களைப் பிடித்திருப்பது பேய் என்று யாராவது சொன்னால், தாராளமாகத் தராசில் ஏறுங்கள். ஏறுவதற்கு முன்னால், பட்டன் மேல் யார் விரல் இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.