ஆன்ட்டி, கோப்பி போலே?

அன்புத் தம்பி மகேஸ்வரனுக்கு, பாசிர் கூடாங்கிலிருந்து உன் அக்கா செல்வராணி எழுதுவது. முருகன் புண்ணியத்தில் இங்கே காய்ச்சல், தலைவலி ஒன்றும் இல்லை. மெர்சிங்கில் நீயும் கோமளாவும் அப்படியே இருக்க தினமும் விளக்கேற்றி வேண்டுகிறேன். போனில் சொன்னால் என்னோடு தங்கிப் படிக்கும் உன் மகள் ரூபினி காதில் விழும். அதனால்தான் கடுதாசி. உட்கார்ந்து படி.

யூனிவர்சிட்டியில கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதற பாடத்துல, நம்ம ரூபினி குடுத்ததும் கூடப் படிக்கிற சீனப் பையன் வெய் மிங் குடுத்ததும் அச்சு அசல் ஒண்ணாம். எப்படிப் புடிச்சாங்க தெரியுமா, ரெண்டுலயும் தலையில பிள்ளையார் சுழி! நான்தான் போடச் சொன்னேன். முன்னால ரெண்டு கோடு போட்டா அந்த வரிய மெஷின் கண்டுக்காதாம், சாமி கண்டுக்கும்ல. லெக்சரரம்மா அந்தப் பையன்கிட்ட, "இது என்ன?"ன்னு கேட்டிருக்காங்க. "இது இல்லாட்டி புரோகிராம் ஓடாது மேடம்"னானாம். ஆனா பாத்தெழுதக் குடுத்தவளுக்கும் சைபர் மார்க்குதானாம், அடுத்த வாரம் விசாரணையாம், அந்தப் பாடத்தையே திரும்பப் படிக்கணுமாம். "அலமாக், நான் குடுக்கவே இல்ல அத்தை!"ன்னு புள்ள சோறு தொடாம அழுவுது.

புள்ள மேல தப்பில்ல தம்பி. ஏன்னா குடுத்தது நான். அன்னைக்கு அந்தப் பையன் வீட்டுக்கு வந்தான், ரூபினி குளிக்கப் போயிருந்தா, நான் பூசை ரூம்ல மணியடிச்சிட்டு இருந்தேன். லெப்டாப் பக்கத்துல நின்னுக்கிட்டு, "ஆன்ட்டி, கோப்பி போலே?"ன்னு எடுத்துக்கலாமான்னு மலாய்ல கேட்டான். வீட்டுக்கு வந்த புள்ள வாய்விட்டுக் கேக்குதேன்னு, "போலே, போலே, எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கோ"ன்னேன். அப்புறம் பாத்தா ஃபிளாஸ்க்ல கோப்பி அப்படியே இருக்கு! வெக்கப்படுதுன்னுல்ல நெனச்சேன்.

நீ கவலைப்படாத. விசாரணைக்கு நானே போறேன். நெத்தி நெறைய திருநீறு பூசிக்கிட்டு, எத்தனை பெரிய ஆபீசர் உக்காந்திருந்தாலும் நடந்ததைச் சொல்லுவேன். உண்மை பேச எனக்கென்ன பயம்?

கோமளாவுக்கு என் அன்பு. சின்னதுங்க தலையில என் பேரச் சொல்லித் திருநீறு வச்சு விடு.

இப்படிக்கு,
அக்கா செல்வராணி

பி.கு.: ரூபினிகிட்ட சொல்லிட்டேன். கண்ணத் தொடச்சிட்டு, "வாங்க அத்தை, அஞ்சு லெக்சரர் இருப்பாங்க, இங்கிலீஷ்லதான் கேப்பாங்க"ங்கறா. அஞ்சு பேரா! இந்தக் கடுதாசியப் போஸ்ட்ல போடல, காலையில பஸ் ஏறி நானே கொண்டாறேன். உன் வீட்டை நான் பாத்துக்கறேன், நீ இங்க வந்து என் பேர்ல எல்லாத்தையும் சொல்லிடு. அக்கா எங்கன்னு கேட்டா ஊர்ல இல்லன்னு சொல்லு. பொய்யில்லல்ல?