மறியல் முடிவதற்குள்

பலூன் மறுபடியும் சுருங்கிக் கிடந்தது. தீனதயாளனுக்குச் சாப்பிட்ட கைகூட இன்னும் காயவில்லை.

"சோறு தின்னுட்டு வர்றதுக்குள்ள காத்து போயிடுச்சே. இன்னா டேங்க்கு இது?"

"நீங்க செஞ்சதுதான்," என்றாள் மனைவி கண்ணகி.

நைனார்பாளையத்தில் பம்புசெட் மெக்கானிக்கான அவன், மூன்று வருடமாக மாட்டுக் கொட்டகையில் ஒரு குட்டி விமானம் கட்டிவந்தான். ஓடிக் கிளம்பத்தான் இடமில்லை. அந்த இடத்தை மறியல் கொடுத்தது. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் போராட்டம்; வீட்டெதிரே ரோட்டோரப் புளியமரங்களையெல்லாம் வெட்டி, இரண்டு முனையிலும் குறுக்கே போட்டிருந்தார்கள். நடுவே அரை மைல் நேர் ரோடு. பஸ் இல்லை, இறக்கையில் இடிக்க மரமும் இல்லை.

"ஊரே பஸ்ஸில்லாம அல்லாடுது, உங்களுக்குக் கொண்டாட்டம்," என்றாள் கண்ணகி.

பாக்கி பெட்ரோல் டேங்க் ஒன்றுதான். அதில் சைக்கிள் வால்வைப் பொருத்திக் காற்றடித்து, அதன் வாயில் பலூன் கட்டியிருந்தான். பலூன் சுருங்கினால் எங்கோ ஓட்டை. ஆகாயத்தில் ஒழுகினால் ஆள் காலி.

சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தான். ஒரு குமிழியும் வரவில்லை. சந்தேகத்தில், டேங்கின் தகடுகள் சேரும் மூட்டு ஒன்றைப் பிரித்து, ஈயத்தை உருக்கி ஒட்டினான். அந்தச் சூட்டில் பக்கத்து மூட்டு விட்டுக்கொண்டது. அதையும் அடைத்து, காற்றடித்து, குளித்துவிட்டு வந்தான். சுருங்கியிருந்தது.

ஐந்தாம் நாள் ஈயம் தீர்ந்தது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, வெட்டிப்போட்ட மரங்களில் ஏறி இறங்கி, கள்ளக்குறிச்சி போய் வாங்கி வந்தான். வந்து பார்த்தால் பலூன் தொங்கியது.

"வேற டேங்க்கு அப்புறமா செஞ்சிக்கலாங்க."

"அப்புறம்னா ரோட்டை யாரு உடுவான்? உங்கப்பனா?"

ஏழாம் நாள் வந்த எரிச்சலில், சோறு தண்ணீர் இல்லாமல் கொட்டகைக்குள் டேங்க் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டான். சாயங்காலம் வரை பலூன் அப்படியே நின்றது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. அவசர அவசரமாக டேங்கை மாட்டி, பெட்ரோல் ஊற்றி, விமானத்தை ரோட்டுக்குத் தள்ளினான்.

எதிரே கள்ளக்குறிச்சி பஸ் நின்றிருந்தது.

"அத்த ஓரமா தள்ளுய்யா," என்றார் கண்டக்டர்.

பஸ்ஸிலிருந்து இறங்கிய எதிர்வீட்டு ராஜாம்பாள், வாசலில் நின்ற கண்ணகியிடம் சொன்னாள்:

"மறியல் முடிஞ்சிபோச்சு கண்ணகி. இனிமே அவுரு அந்தாண்ட போறப்பல்லாம் நீ போயி காத்தைத் தொறந்து வுட்டுக்கினு இருக்க வேணாம்."