நாற்பத்து நான்காவது குழி

நாற்பத்து மூன்று. பதினோரு வருடங்களில் முரோதானி வேலிக்கு வெளியே நின்று பார்த்து முடித்த சோதனைக் குழிகளின் எண்ணிக்கை இது.

ஜப்பானின் நாரா சமவெளியில் எங்கள் ஊர் மாதிரியான பழைய ஊர்களில் மட்டும் செழித்து வளரும் இந்த இனத்தை வேலியோர ஆய்வாளர் என்று அழைக்கலாம். வீடானாலும் கடையானாலும் இங்கே நினைத்தவுடன் கட்டிவிட முடியாது. நகராட்சி ஆட்கள் வந்து மனையில் நீளமாக ஒரு குழி வெட்டி, அடியில் பழங்காலத்து மிச்சம் ஏதாவது கிடக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் மறுவாரமே அஸ்திவாரம். இருந்தால் பெரும்பாலும் மனை முழுவதையும் தோண்டுவார்கள்; எத்தனை மாதம் என்று அவர்களுக்கே தெரியாது. அதனால் மனைக்காரர் ஒன்றும் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டு நிற்பார். வேலிக்கு இந்தப் பக்கம் இன்னொருவர், ஏதாவது வரவேண்டும் என்று அதைவிட உருக்கமாக வேண்டிக்கொண்டு நிற்பார். பார்த்திருப்பீர்கள்.

முரோதானி எழுபத்தொரு வயதுக்காரர். மண் அள்ளும் இயந்திரம் வருவதற்கு முன்பே மடக்கு நாற்காலி, கழுத்தில் துண்டு, குடுவையில் வாற்கோதுமைத் தேநீர், மூன்று வண்ணப் பென்சில்களால் கோடு போட்ட ஊர் வரைபடம் ஆகியவற்றோடு வந்து, ஓட்டுநருக்குத் தலை வணங்கி, முதல் வாளி மண் வெளியே விழுந்ததும் யாரையும் பார்க்காமல் எல்லோருக்கும் கேட்கும்படி, "இது சும்மா மண்ணு இல்லை" என்பார். ஒன்றும் கிடைக்காவிட்டால், "ஆழம் பத்தலை." கிடைத்துவிட்டால், "நான் முதல்லயே சொன்னேன்." நாற்பத்து மூன்று மனைகளிலும் அரண்மனை இருப்பதாகச் சொன்னார். ஒன்பதில் ஏதோ இருந்தது. அரண்மனை? ஒன்றிலும் இல்லை.

பல் மருத்துவரின் மனையில் பழைய கால்வாய் ஒன்று கிடைத்து, புது மருத்துவமனை ஒன்றரை வருடம் தள்ளிப்போனபோது, முரோதானி நேரில் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க கொடுத்து வெச்சவர்!" என்று வாழ்த்தினார். அடுத்த மாதமே அவருக்குக் கடைவாய்ப் பல்லில் வலி வந்தது. அந்தச் சிகிச்சையைப் பற்றி மட்டும் அவர் பேசுவதில்லை.

இந்த அக்டோபரில் நாற்பத்து நான்காவது குழி வெட்டப்பட்டது. முரோதானியின் சொந்த மனையில்.

பழைய வீட்டை இடித்தாயிற்று. மகள் சாயோகோவின் குடும்பமும் வந்து தங்குகிற மாதிரி பெரிய வீடாகக் கட்டத் திட்டம். பேத்தி மிஹாருவுக்கு ஏப்ரலில் முதல் வகுப்பு. "மார்ச்சுக்குள்ள வீடு முடியலைன்னா ஒசாகாவுலயே சேர்த்துடுவோம்பா. சேர்த்துட்டா அப்புறம் மாத்த மாட்டோம்" என்று சாயோகோ தெளிவாகச் சொல்லியிருந்தாள். மனைவி இறந்துபோன பிறகு ஆறு வருடமாகத் தனியாகச் சாப்பிடுகிற மனிதர். அதனால் அன்று காலை அவர் நாற்காலி கொண்டுவரவில்லை. வேலிக்கு உட்புறம் நின்று, முதல் வாளி மண் விழுந்தபோது, "சும்மா மண்ணு" என்றார்.

நாற்காலி வேறொருவரிடம் இருந்தது. எதிர்வீட்டு கமேயி அம்மா வேலிக்கு வெளியே சௌகரியமாக உட்கார்ந்திருந்தார். பதினோரு வருடமாக முரோதானியிடம் பாடம் கேட்டவர்.

எழுபது சென்டிமீட்டர் ஆழத்தில் நகராட்சி அதிகாரி நிஷிவாகி கையை உயர்த்தி இயந்திரத்தை நிறுத்தினாள். சுரண்டியால் மண்ணை இழைத்தாள். மஞ்சள் மண்ணில் கறுப்பாக ஒரு வட்டம். பக்கத்தில் இன்னொன்று. மொத்தம் நான்கு.

"முரோதானி சான்! நாலும் ஒரே வரிசை!" கமேயி அம்மா எழுந்தே விட்டார். "தூணு மக்கிப்போன இடத்துல மண்ணு கறுப்பாயிடும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

"அது பெருச்சாளிப் பொந்து."

"பெருச்சாளி நூல் பிடிச்சா தோண்டுது?"

நிஷிவாகி நிமிர்ந்தாள். "முரோதானி சான், இந்த இடத்துல முன்னாடி நீங்க ஏதாவது நட்டிருந்தீங்களா?"

வாசல் திறந்தது போல இருந்தது அவருக்கு. "திராட்சைப் பந்தல்! நாலு கால். என் கையால நட்டேன்."

"நம்ம வீட்லயா?" என்றாள் சாயோகோ.

"நீ பிறக்கறதுக்கு முன்னாடி."

நிஷிவாகி குறித்துக்கொண்டாள். "அப்ப இது சமீபத்துல கலைஞ்சு போன மண்ணு. இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. கலையாத இடமாப் பார்த்து இன்னொரு குழி போடணும். இயந்திரம் இனிமே டிசம்பர்லதான் கிடைக்கும்."

நாற்பத்து மூன்று குழி பார்த்தவருக்கு இந்த விதி தெரியாதா? தெரியும். அடுத்தவர் மனையில் நன்றாகவே தெரியும்.

சாயோகோ கைபேசியை எடுத்து, ஒசாகாவில் இருக்கும் கணவனின் எண்ணைத் தேடத் தொடங்கினாள்.

"பந்தல் இல்லை" என்றார் முரோதானி.

"என்னப்பா?"

"எனக்குத் திராட்சையே பிடிக்காது. அது தூண் குழிதான். ஆயிரத்து இருநூறு வருஷமாவது இருக்கும்."

"தெரியும்" என்றாள் நிஷிவாகி. "பந்தல் காலுக்கு யாரும் ஒரு மீட்டர் அகலத்துக்குக் குழி வெட்ட மாட்டாங்க. ஆனா மனைக்காரர் சொன்னா நான் எழுதித்தானே ஆகணும்?" எழுதியதை அடித்தாள். "புது வீட்டு அஸ்திவாரம் எவ்வளவு ஆழம்?"

"அறுபது சென்டிமீட்டர்" என்றாள் சாயோகோ.

"அஸ்திவாரம் தூண் குழிகிட்ட வந்தாத்தான் முழுசாத் தோண்டணும். ரெண்டுக்கும் நடுவுல முப்பது சென்டிமீட்டர் இருந்தா போதும். மனையை இன்னும் இருபது மேடாக்கிக் கட்டிக்குங்க. தோண்டவே வேண்டாம், அப்படியே மூடிடலாம். புது வரைபடம் மட்டும் குடுங்க." குனிந்து வட்டங்களை மறுபடி பார்த்தாள். "பெரிய கட்டடம் இது. கோயிலா, மாளிகையான்னு முழுசாத் தோண்டினாத்தான் தெரியும்."

"மாளிகையா!" என்றார் கமேயி அம்மா. "முரோதானி சான், தோண்டச் சொல்லுங்களேன். ஊரே வந்து பார்க்கும்!"

முரோதானி குழியின் விளிம்பில் உட்கார்ந்தார். இவ்வளவு பக்கத்தில் இருந்து அவர் எதையும் பார்த்ததில்லை. நீர் தெளித்த மண்ணில் நான்கு வட்டங்களும் பளபளவென்று கறுத்திருந்தன. சாயோகோ அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூடிடுங்க" என்றார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் பக்கத்து மனையில் இயந்திரம் உறுமுகிற காலையில் நீங்கள் திரைச்சீலையை விலக்கிப் பார்த்ததே இல்லையா? அடுத்தவர் மண்ணுக்கடியில் என்ன இருக்க வேண்டும் என்று மனசுக்குள் ஒரு விருப்பம் எழுந்ததே, அப்போது அவர் வீட்டில் எந்தக் குழந்தை ஏப்ரலுக்குக் காத்திருக்கிறது என்று விசாரித்தீர்களா? நானும் விசாரித்ததில்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு லாரியில் மணல் வருகிறது. முதலில் வட்டங்களின்மேல் மணலைப் பரப்பி, பிறகு மண்ணைத் தள்ளிக் குழியை மூடுவார்கள்.